பழைய விளையாட்டும் விதை வெங்காயமும்

மூன்றாம் ஆண்டு, கணினி அறிவியல்

“கல்லூரியில் படிக்கிற பெண், பொழுதெல்லாம் பழைய கம்ப்யூட்டர் விளையாட்டில் உட்கார்ந்திருக்கிறாளாமே!” என்று செட்டிகுளத்தில் எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. பேச்சில் பாதி உண்மை. விளையாடுவது உண்மை, பொழுதெல்லாம் என்பது மட்டும் மிகை. நம் வகுப்பிலும் நண்பர்கள் சிலர், “நாற்பது வருடத்துக்கு முந்தைய விளையாட்டில் என்ன இருக்கிறது?” என்று கேட்கிறார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே பதிலாக இக்கட்டுரையை எழுதுகிறேன். பழைய கணினி விளையாட்டுகளை விளையாடுவதும், பழுது பார்ப்பதும், பாதுகாப்பதும் கல்விக்கு உரிய வேலையே என்பது என் துணிபு. ஆனால் பழுது பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. அந்த முறையை நான் ஒரு தவறு செய்த பிறகே கற்றேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில் இவை எத்தகைய விளையாட்டுகள் என்று சொல்ல வேண்டும். சுட்டுத் தள்ளும் விளையாட்டுகள் அல்ல. ஒரு பாத்திரத்தை ஏற்று, அதன் வலிமை, அறிவு, கையிருப்பு ஆகியவற்றை எண்களாக வைத்துக்கொண்டு, ஊர் ஊராகச் சென்று, பேசி, போராடி, ஒரு நோக்கத்தை அடையும் வேடம் ஏற்கும் விளையாட்டுகள். இவற்றின் தாய் 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் பகடை விளையாட்டு. அது தாளும் பென்சிலும் பகடையும் கொண்டு ஆடப்பட்டது. வீட்டுக் கணினிகள் வந்ததும் பகடை உருட்டும் வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது. ரிச்சர்ட் கேரியட் என்ற இளைஞர் பள்ளிப் பருவத்தின் முடிவில் ஆப்பிள் 2 கணினியில் எழுதிய ‘அகலபெத்’ முதலில் பிளாஸ்டிக் பைகளில் போட்டு விற்கப்பட்டது. 1981இல் அவருடைய ‘அல்டிமா’ வந்தது. அதே ஆண்டில் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களான ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் உட்ஹெட் இருவரும் எழுதிய ‘விசார்ட்ரி’யும் வந்தது. இவ்விரண்டையும் பார்த்து ஊக்கம் பெற்றே ஜப்பானில் 1986இல் ‘டிராகன் குவெஸ்ட்’ பிறந்தது. இவற்றைத் தொடங்கி வைத்தவர்கள் நம்மைப் போன்ற மாணவர்கள் என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

இவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது 1985இல் வெளிவந்த நான்காம் அல்டிமா. அதன் துணைத் தலைப்பில் ‘அவதார்’ என்று நம் நாட்டுச் சொல்லே இருக்கிறது. அந்த விளையாட்டின் இறுதியில் கொல்லப்பட வேண்டிய அரக்கன் எவனும் இல்லை. வாய்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டுப் பண்புகளிலும் தேர்ச்சி பெற்றவனே வெற்றி பெற்றவன். அதில் மூலிகை விற்கும் கண் தெரியாத ஒரு பெண் வருகிறாள். விலையைச் சொல்லிவிட்டு, நாம் கொடுப்பதை அப்படியே வாங்கிக்கொள்கிறாள். குறைத்துக் கொடுத்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டாள். விளையாட்டும் அந்த நேரத்தில் ஒன்றும் சொல்லாது. ஆனால் உள்ளே ஒரு கணக்கு குறைந்துகொண்டே வரும். முதல் முறை விளையாடியபோது ஆள் பார்க்கவில்லை என்று நானும் குறைத்துத்தான் கொடுத்தேன். நெடுநேரம் கழித்து வாய்மையில் நான் வெகுதூரம் பின்தங்கியிருப்பது தெரிந்தபோது, கணினியின் முன் தனியாக உட்கார்ந்திருந்த எனக்கே வெட்கமாக இருந்தது. சந்தையில் வெங்காயம் எடை போடும்போது தராசைப் பார்க்காத கிழவியிடம் நான்கு ரூபாய் குறைத்துக் கொடுத்தது போன்ற வெட்கம் அது.

இது நமக்குப் புதிய கருத்தன்று. பாட்டி வீட்டில் ஆடிய பரமபதத்தில் நற்குணங்கள் ஏணிகளாகவும் தீக்குணங்கள் பாம்புகளாகவும் இருந்தன. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பரமபதத்தில் ஏணியும் பாம்பும் தாயக்கட்டையின் விழுக்காட்டால் வருகின்றன. நான்காம் அல்டிமாவில் அவை நம் செயலால் வருகின்றன. இந்த ஒரு மாற்றத்துக்காகவே அதைப் படிக்க வேண்டிய நூல் வரிசையில் வைக்கலாம் என்பேன்.

நிற்க. நாற்பது ஆண்டுப் பழமையான விளையாட்டைச் செட்டிகுளத்தில் உட்கார்ந்து எப்படி ஆடுவது? அதற்கு உதவுவதுதான் எமுலேட்டர். தெருக்கூத்தில் ஒருவர் வேடம் கட்டி அர்ச்சுனனாக நிற்கிறார். அவர் பகலில் வயலில் வேலை செய்பவர்தான். ஆனால் விடியும் வரை அவர் பேச்சும் நடையும் அர்ச்சுனனுடையவை. எமுலேட்டரும் அப்படித்தான். இன்றைய கணினியில் ஓடும் ஒரு நிரல், பழைய கணினி ஒன்றின் வேடத்தைக் கட்டிக்கொள்கிறது. பழைய செயலி எந்தக் கட்டளைக்கு என்ன செய்யுமோ, திரை எந்த வரிசையில் ஒளிருமோ, அவ்வளவையும் அப்படியே நடித்துக் காட்டுகிறது. பழைய விளையாட்டுக்குத் தான் புதிய இயந்திரத்தில் ஓடுகிறோம் என்பதே தெரியாது. கமடோர் 64 கணினிக்கு ‘வைஸ்’, பி.பி.சி. மைக்ரோவுக்கு ‘பீப்எம்’, பழைய டாஸ் விளையாட்டுகளுக்கு 2002இல் வந்த ‘டாஸ்பாக்ஸ்’ என்று பல உள்ளன. பெரும்பாலானவை விலையில்லாமல் கிடைப்பவை.

என்னிடம் இருப்பது அக்காவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு வழங்கிய மடிக்கணினி. இப்போது வரும் விளையாட்டு எதையும் அது தாங்காது. ஆனால் 48 கிலோபைட் நினைவகத்துக்காக எழுதப்பட்ட ஓர் உலகம் அதில் ஓடி விளையாடுகிறது. வசதியற்ற மாணவர்களுக்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் இல்லை. வகுப்பில் செயலி, நினைவக முகவரி, குறுக்கீடு என்று படித்தவையெல்லாம் எமுலேட்டரின் உள்ளே கண்ணுக்குத் தெரிகின்றன. நிறுத்தி, ஒவ்வோர் அடியாக நகர்த்திப் பார்க்கலாம். இன்றைய பெரிய விளையாட்டு ஒன்றை நம்மால் அப்படித் திறந்து பார்க்க இயலுமா?

அடுத்தது பழுது பார்த்தல். பழைய விளையாட்டுகளில் பிழைகள் நிறைய. சில, எழுதியவர் விட்டவை. சில, காலம் உண்டாக்கியவை. இரண்டாம் அல்டிமாவின் டாஸ் பதிப்பைப் பிற்கால வேகமான கணினிகளில் ஓட்டினால், பூஜ்யத்தால் வகுத்த பிழை என்று சொல்லி நின்றுவிடும். கணினி இவ்வளவு வேகமாகும் என்று அதை எழுதியவர்கள் எதிர்பார்க்கவில்லை. இன்னொரு குறை இதைவிட வேதனையானது. அந்த விளையாட்டில் விண்கலம் ஏறி வேறு கோள்களுக்குச் செல்லலாம். ஆனால் பின்னாளில் பழைய அல்டிமாக்களைத் தொகுத்து வெளியிட்டபோது, கோள்களின் வரைபடக் கோப்புகள் விடுபட்டுவிட்டன. காசு கொடுத்து வாங்கியவருக்குக் கோள்கள் இல்லாத விண்வெளிதான் கிடைத்தது. ரசிகர்கள்தாம் பழைய வட்டுகளிலிருந்து அந்த வரைபடங்களைத் தேடி எடுத்து மீண்டும் சேர்த்தார்கள். வகுத்தல் பிழைக்கும் திருத்தம் எழுதினார்கள். ஊதியம் இல்லை, பட்டம் இல்லை. நூலின் விடுபட்ட ஏடுகளைத் தேடிச் சேர்த்த பணிக்கு இது எந்த வகையில் குறைந்தது?

இனி என் தவறுக்கு வருகிறேன்.

1984-85இல் நடுவண் அரசு ‘கிளாஸ்’ என்ற கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கி, சோதனை முறையில் நாட்டின் சில பள்ளிகளுக்கு இங்கிலாந்தின் பி.பி.சி. மைக்ரோ கணினிகளை வழங்கியது. 32 கிலோபைட் நினைவகம் கொண்ட இயந்திரம் அது. திருச்சியில் என் தாய்மாமா படித்த பள்ளிக்கும் அவை வந்தன. வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஒரு கணினிக்கு நான்கு பேர். மாமாவும் மூன்று தோழர்களும் சேர்ந்து பேசிக் மொழியில் ஒரு விளையாட்டு எழுதினார்கள். களம் எங்கள் செட்டிகுளம். விளையாடுபவர் கடைத்தெருவில் இருபது வலிமைப் புள்ளிகளோடும் பத்துக் காசுகளோடும் புறப்படுகிறார். ஏகாம்பரேசுவரர் கோயிலில் ராசிக்கு ஒருவராகத் தூண்களில் இருக்கும் பன்னிரண்டு குபேரர்களும் ஆளுக்கொரு விடுகதை போடுகிறார்கள். வழியில் பசித்தவர்களும் தாகித்தவர்களும் எதிர்ப்படுகிறார்கள். கடைசியில் மலையேறித் தண்டாயுதபாணி சந்நிதிக்குப் போக வேண்டும். எங்கள் ஊர் முருகன் கையில் கரும்பு ஏந்தியிருப்பவர். அந்தக் கரும்பைப் பெறுவதே வெற்றி. இயந்திரத்தில் தமிழ் எழுத்து இல்லை. ஆகவே தமிழ் வசனங்களை ஆங்கில எழுத்துகளில் தட்டியிருந்தார்கள். அல்டிமாவின் பெயரைக்கூட அந்நாளில் அவர்கள் கேள்விப்பட்டதில்லை. பரமபதமும் தாயமும்தான் அவர்கள் அறிந்தவை.

அந்தக் கணினிகளும், மாணவர்கள் எழுதிய நிரல்கள் இருந்த வட்டுகளும் சில ஆண்டுகளில் பழைய இரும்பு வியாபாரியிடம் எடைக்குப் போயினவாம். அதற்குள் என்ன இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. மாமா தம் செலவில் வாங்கிய இரண்டு ஐந்தேகால் அங்குல வட்டுகள் மட்டும் டிரங்குப் பெட்டியில் தப்பிக் கிடந்தன. நம் கல்லூரியில் படித்துவிட்டு இப்போது பெங்களூரில் பணியாற்றும் அக்கா ஒருவர், ‘கிரீஸ்வீசல்’ என்ற சிறு மின்சுற்றுப் பலகையைப் பழைய வட்டு இயக்கியோடு இணைத்து, வட்டின் காந்தத் தடங்களை அப்படியே படித்துத் தந்தார். ஒரு வட்டில் பூஞ்சை பிடித்திருந்தது. அதிலிருந்து எதுவும் தேறவில்லை. மற்றொன்று பிழைத்தது. பீப்எம் திரையில் எங்கள் ஊர்க் கடைத்தெருவின் பெயர் வரியாக வந்து நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

விளையாடினேன். ஒரு பிழை கண்ணில் பட்டது. மலையுச்சியில், காசு வைத்திருப்பவருக்குப் பகடை உருட்டி வெற்றி தோல்வி சொல்லும் நிரல், காசு பூஜ்யமாக வருபவருக்கு எதையும் கேட்காமல் கரும்பைக் கொடுத்துவிடுகிறது. நிபந்தனையைத் தலைகீழாக எழுதிவிட்டார்கள் என்று எண்ணினேன். திருத்தச் சில வரிகள் சேர்த்தேன். ‘இடமில்லை’ என்று பிழைச் செய்தி வந்தது. இடம் உண்டாக்குவதற்காக, நிரலின் ஓட்டத்துக்குத் தேவையில்லாத குறிப்பு வரிகளையெல்லாம் நீக்கினேன். வரி எண்களையும் ஒழுங்குபடுத்தி, அதே பெயரில் சேமித்தேன். நல்ல காரியம் செய்துவிட்ட மகிழ்ச்சியோடு மாமாவிடம் காட்டினேன்.

மாமா விளையாடிப் பார்த்தார். வேண்டுமென்றே வழியில் இருந்த ஏழைகளுக்குக் காசையெல்லாம் கொடுத்துவிட்டு மலையேறினார். கரும்பு கிடைக்கவில்லை. சற்று நேரம் திரையையே பார்த்தார்.

“ஏம்மா, இதை மாத்திட்டியா?”

“தப்பா இருந்துச்சு மாமா, சரி பண்ணிட்டேன்.”

“தப்பு இல்லம்மா. காசோட வர்றவனுக்கு உண்டியல் இருக்கு. எல்லாத்தையும் குடுத்துட்டு வெறுங்கையோட வர்றவனுக்குத்தான் கரும்பு. அதுக்குத்தானே நாங்க இதை எழுதினதே!”

பிறகு மெல்லக் கேட்டார்: “ஆரம்பத்துல எங்க நாலு பேரோட பேரும் இருக்குமே, அது எங்கே?”

அது நான் நீக்கிய குறிப்பு வரிகளில் ஒன்று. நால்வரில் ஒருவர் இப்போது உயிரோடு இல்லை. அவருடைய பெயர் ஏதேனும் நிரலில் எழுதப்பட்டிருந்தது என்றால் அது அந்த ஒரு வரியில்தான்.

நல்ல வேளையாகப் பெங்களூர் அக்கா தம்மிடம் ஒரு படியை அழிக்காமல் வைத்திருந்தார். மறுநாளே அனுப்பினார். பெயர்கள் திரும்பி வந்தன. வெறுங்கைக்குக் கரும்பும் திரும்பி வந்தது. ஆனால் அந்த ஓர் இரவு நான் தூங்கவில்லை. பள்ளியின் வட்டுகளை எடைக்குப் போட்டவர்களைக் குறை சொன்னவள் நான். அவர்கள் தெரியாமல் தொலைத்தார்கள். நானோ திருத்துகிறேன் என்று சொல்லித் தொலைக்கப் பார்த்தேன்.

எங்கள் பக்கத்து உழவர்களுக்கு இந்தப் பாடம் எப்போதோ தெரியும். சின்ன வெங்காயம் அறுவடையானதும் காற்றோட்டமான பட்டறையில் அடைத்து வைப்பார்கள். அதில் விதைக்கென்று ஒரு பங்கு தனியாக இருக்கும். விலை எவ்வளவு ஏறினாலும் அதில் கை வைக்க மாட்டார்கள். விதை வெங்காயத்தை விற்றவன் அடுத்த பட்டத்தில் கடனாளி. மூல வட்டின் படியும் விதை வெங்காயம்தான். அதை யாரும் தொடக் கூடாது. திருத்துவதும் மாற்றுவதும் விளையாடுவதும் அதிலிருந்து எடுத்த இன்னொரு படியில்தான் நடக்க வேண்டும்.

தமிழுக்கும் இது புதிதன்று. நம் மாவட்டத்துச் செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் இளமையில் பாடம் கேட்டவர் உ. வே. சாமிநாதையர். அவர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோதும், பின்னர் சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை ஆகியவற்றை வெளியிட்டபோதும், ஏடு எழுதியவர்களின் பிழைகள் எத்தனையோ அவர் கண்ணில் பட்டிருக்கும். அவர் பல ஏடுகளை ஒப்பிட்டுப் பொருந்திய பாடத்தைத் தேர்ந்தார். மற்றப் பாடபேதங்களையும் குறித்து வைத்தார். பொருந்தாதது என்று தமக்குத் தோன்றியது நாளை வேறொருவருக்குப் பொருந்தலாம் என்ற அடக்கம் அதில் இருக்கிறது. என்னிடம் இல்லாமற்போனது அந்த அடக்கமே.

“இவை பிறருடைய உடைமை ஆயிற்றே, படியெடுப்பது திருட்டு அல்லவா?” என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. எழுதியவரின் வாழ்நாளுக்குப் பின்னும் அறுபது ஆண்டுகள் உரிமை உண்டு. ஆகவே பழையது என்பதாலேயே எதுவும் பொதுச்சொத்து ஆகிவிடாது. கண்ட இடத்தில் கிடைப்பதையெல்லாம் இறக்கிக்கொள்வதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் முறையாகத் தன்னிடம் உள்ள நிரலை இழப்பிலிருந்து காக்கப் படியெடுத்து வைக்க அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. வணிக நோக்கமற்ற பொது நூலகங்கள் தம்மிடம் உள்ள படைப்புகளைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கவும் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்கிறது. நான்காம் அல்டிமா போன்ற சில விளையாட்டுகள் உரிமையாளரின் இசைவுடனேயே விலையின்றிக் கிடைக்கின்றன. மாமாவின் விளையாட்டுக்கோ உரிமையாளர் மாமாவும் தோழர்களுமே.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று 2023இல் அங்குள்ள வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை ஆய்ந்து சொன்னது. விற்கவும் மாட்டோம், காக்கவும் விட மாட்டோம் என்றால் அழிவது ஒன்றே மிச்சம். அவர்களிடமாவது ஆர்வலர் கூட்டமும் அறக்கட்டளையும் இருக்கின்றன. நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் அந்நாளைய மாணவர்கள் எழுதிய நிரல்களுக்குப் பட்டியல் ஏதும் உண்டா? வெளிநாட்டு விளையாட்டு ஒன்று அழிந்தால் உலகில் எங்கேனும் ஒரு படி இருக்கும். செட்டிகுளத்து விளையாட்டு அழிந்தால் அழிந்ததுதான்.

ஆகவே நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். கணினித் துறையில் ஒரு பூட்டிய அலமாரி போதும். முன்னாள் மாணவர்களுக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கும் கடிதம் எழுதி, வீட்டில் கிடக்கும் பழைய வட்டுகளையும் நிரல் எழுதிய நோட்டுகளையும் கேட்டு வாங்குவோம். கிடைப்பதைப் படியெடுப்போம். மூன்று விதிகளை அலமாரிக் கதவில் ஒட்டுவோம். மூலப்படியில் யாரும் கை வைக்கக் கூடாது. திருத்தம் எதுவாயினும் தனிப்படியில் செய்து, யார், என்று, ஏன் செய்தார் என்று எழுத வேண்டும். எழுதியவர் உயிரோடு இருந்தால், பிழை என்று முடிவு கட்டும் முன் அவரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும். இதற்குப் பெரும் செலவு இல்லை. இறுதியாண்டு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் தேடித் திரியும் செயல்திட்டத் தலைப்புக்கும் பஞ்சம் இராது.

மாமாவின் விளையாட்டுக்கு நானும் ஒரு திருத்தம் எழுதிக்கொண்டிருக்கிறேன், தனிப்படியில். வசனங்கள் தமிழ் எழுத்தில் வரும்படி செய்வதே அந்தத் திருத்தம். மலையுச்சி நிபந்தனையைத் தொடவில்லை. தொடக்கத்தில் நான்கு பெயர்களும் அப்படியே இருக்கின்றன. பங்குனி உத்திரத்துக்கு ஊருக்கு வரும் மாமாவிடம் அதைக் காட்ட வேண்டும். அதற்கு முன், நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். கறுப்புச் சதுர வட்டு ஏதேனும் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள், திருத்தவும் செய்யாதீர்கள். முதலில் என்னிடமோ துறை ஆசிரியரிடமோ கொண்டு வந்து கொடுங்கள்.